அண்ணன் வீட்டு மாத்திரை

அமிர்தம் முதலில் கேட்டது முறை மட்டும்தான். எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அது பிறகு வந்தது.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கடைமடைக் கிராமம். மேலே உள்ள ஊர்களெல்லாம் நடவு முடித்த பிறகுதான் அங்கே ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும். அந்த ஊரில் நடுவே ஒரு கொல்லைச் சுவர் வைத்து இரண்டு வீடுகள். ஒன்றில் மூத்தவர் நாகநாதனும் அவர் மனைவி தங்கமணியும். அவர்களுடைய ஒரே மகன் பரணிதரன் துபாயில் இருந்தான். இன்னொன்றில் இளையவர் சபரிநாதனும் அமிர்தமும். நிலத்தைப் பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஓர்ப்படிகள் இருவருக்கும் அந்தச் சண்டை எட்டவில்லை. மோரும் கறிவேப்பிலையும் சுவருக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தன.

பேசாத இருவருக்கும் வியாதி மட்டும் ஒன்றாக வந்தது. முதலில் நாகநாதனுக்குக் கட்டைவிரல் சூம்பியது. மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. ஒரு வருஷம் கழித்துச் சபரிநாதனுக்குக் கை மேலே எழும்பாமல் போனது. தஞ்சாவூர் நரம்பு டாக்டர் பெயர் சொன்னார்: மோட்டார் நியூரான் நோய். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கை, கால், பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. சில குடும்பங்களில் ரத்தத்தோடு வரும் என்றார். அவர்களுடைய அப்பாவும் அப்படித்தான் போனார். அன்றைக்கு அதற்குப் பெயர் சொல்ல ஆளில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அண்ணன், தம்பி இரண்டு பேரையும் அதில் சேர்த்தார்கள். அதற்கான வேலைகளைப் பார்த்தவள் குந்தவை என்ற சின்னப் பெண். பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டாள், மேசையைப் பார்ப்பாள். கொடுக்கப்போவது ஒரு பழைய ஆன்டிபயாடிக் என்று அவள் விளக்கினாள்.

"கிருமியே இல்லாத வியாதிக்குக் கிருமி மருந்து எதுக்கு?" என்று சபரிநாதன் கேட்டார்.

அது கிருமியைக் கொல்வதோடு, நரம்பைச் சுற்றி வருகிற அழற்சியையும் தணிக்கிறது என்றாள் குந்தவை. எலிகளுக்கு இதே வியாதியை வரவழைத்து மருந்தைக் கொடுத்தபோது நரம்புகள் கூடுதல் நாள் தாங்கின. மனிதருக்குத் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் இதே மாதிரி வேறொரு மருந்து எலிக்கு நல்லது செய்து, மனிதருக்குக் கெடுதல் செய்த கதையும் உண்டு. அதையும் அவள் மறைக்கவில்லை.

"எலிக்கு நாங்க வயல்ல விஷம் வைக்கிறோம். நீங்க வைத்தியம் பாக்குறீங்க" என்றார் சபரிநாதன். குந்தவை மேசையைப் பார்த்தபடியே சிரித்தாள்.

சேர்கிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்து. மற்றவர்களுக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. மாதாமாதம் அந்த எண் ஒட்டிய பாட்டில் வரும். அவரவர் பாட்டிலை அவரவர்தான் சாப்பிட வேண்டும், ஒரு நாள்கூட மாற்றக் கூடாது என்று குந்தவை இரண்டு முறை சொன்னாள். அமிர்தம் இரண்டு முறையும் தலையாட்டினாள்.

முதல் இரண்டு மாதம் அவள் ஒழுங்காகத்தான் கொடுத்தாள். சபரிநாதனுக்கு வயிறு எரிந்தது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். கை இன்னும் இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் நாகநாதன் இருந்தபடியே இருந்தார். தட்டில் கை வைத்துத் தானே சாப்பிடுகிறார் என்று தங்கமணி சொன்ன அன்று அமிர்தத்துக்குத் தூக்கம் போய்விட்டது. நிஜ மாத்திரை அந்த வீட்டுக்குப் போகிறது, தன் வீட்டுக்கு மாவு வருகிறது என்று அவள் முடிவு கட்டினாள்.

ஆடி பிறக்கும் சமயம். வாய்க்காலில் தண்ணீர் போதாமல் ஊரில் முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு இந்தப் பக்கத்து வயல், நாளைக்கு அந்தப் பக்கம். யாருக்கும் நிறையாது, ஆனாலும் யாருடைய பயிரும் காயாது. அதைப் பார்த்துத்தான் அமிர்தத்துக்கு அந்த யோசனை வந்தது. சுவரோரம் நின்று தங்கமணியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, தண்ணிக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் முறை வச்சுக்குவோம். ஒரு மாசம் அவங்கவங்க பாட்டில். ஒரு மாசம் மாத்திக்குவோம். நிஜம் யாருக்கு வந்தாலும் ரெண்டு பேருக்கும் பாதியாவது சேருமுல்ல."

தங்கமணி கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நிஜம் தன் வீட்டுக்குத்தான் வருகிறது என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் முழுக்கக் கொல்லைப் பக்கமே வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்து, பாட்டிலைச் சுவரின் மேல் வைத்தாள்.

"ஆம்பளைங்களுக்குத் தெரிய வேணாம்" என்றாள். "தெரிஞ்சா இதுக்கும் பஞ்சாயத்து வைப்பாங்க."

ஆடி மாதம் முழுவதும் சபரிநாதன் அண்ணன் வீட்டு மாத்திரையைச் சாப்பிட்டார். வயிற்றெரிச்சல் நின்றது. சோறு கேட்டு வாங்கினார். மாதக் கடைசியில் சட்டைப் பொத்தான் ஒன்றைத் தானே போட்டார். அதைப் பார்த்து அமிர்தம் அடுக்களைக்குள் போய் அழுதாள். ஆவணியில் அவரவர் பாட்டில் அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. எரிச்சலும் திரும்பி வந்தது. தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. புரட்டாசியில் மறுபடி மாற்றினார்கள். மறுபடி அவர் தேறினார்.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அண்ணன் வீட்டு மாத்திரை உள்ளே போனால் உடம்பு பிடிக்கிறது, தன் வீட்டு மாத்திரை போனால் விட்டுப்போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இந்தக் கணக்கைப் போடும். அமிர்தமும் போட்டாள்.

ஐப்பசி முறைப்படி அவரவர் பாட்டிலுக்குத் திரும்ப வேண்டிய மாதம். அதற்குள் நாகநாதனால் பஸ் ஏற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லி அனுமதி வாங்கி, இரண்டு பாட்டிலையும் அமிர்தமே கொண்டுவந்தாள். மன்னார்குடியிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஜன்னலின் தகரம் சரியாக மூடவில்லை. மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள், ஊர் வருவதற்குள் தீர்மானித்துவிட்டாள்.

சுவர் மேல் தன் வீட்டுப் பாட்டிலை வைத்தாள்.

"இதுதான்க்கா உங்களது."

தங்கமணி பாட்டிலின் ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். சரி என்றாள். உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகையிலும் மார்கழியிலும் அதுவே நடந்தது. சபரிநாதனுக்குக் கை மேலே எழவில்லைதான். அமிர்தம்தான் ஊட்டினாள். ஆனால் அதற்கு மேல் எதுவும் கெடவில்லை. மென்று தின்றார். உரக்கப் பேசினார். ரேடியோவுக்கு மறுப்புச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பிடியை அளக்கிற கருவியைக் கையில் கொடுத்தபோது, குந்தவை எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தச் சொன்னாள். நம்ப முடியவில்லை என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓங்கரிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. நாகநாதனுக்குக் கஞ்சிகூடத் தங்கவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. தலை நிற்கவில்லை. அமிர்தம் ரசம் வைத்து அனுப்பினாள். ஒருநாள் போய் அவருக்கு முதுகு தடவிவிட்டாள். மாவு மாத்திரையை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் இவர் தாங்கியதே பெரிது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு சுட்டது. சுட்டாலும் அடுத்த மாதம் பாட்டிலை மாற்றி வைத்தாள்.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்பு, சளி கட்டி, மூச்சு விட முடியாமல் நாகநாதன் போய்ச் சேர்ந்தார். பரணிதரன் துபாயிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். சபரிநாதனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் அண்ணனின் காலடியில் வைத்தார்கள். அவர் வாய்விட்டு அழுதார். பெண்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அமிர்தத்துக்கு நடுவில் ஒரு நினைப்பு வந்தது. இனி அந்த எண்ணில் பாட்டில் வராது. வீட்டில் இருப்பது இந்த மாதத்துக்குத்தான் காணும். நினைத்தவுடன் அவள் இன்னும் உரக்க அழுதாள்.

கருமாதி முடிந்து பரணிதரன் திரும்பிப் போனான். அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எல்லோரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், மிச்சம் இருப்பதை வாங்கிக்கொள்ளக் குந்தவை நேரில் வருவாள் என்றார்கள்.

குந்தவை ஒரு முற்பகலில் வந்தாள். அமிர்தம் காப்பி போட்டுக் கொடுத்தாள். பெரியம்மாவையும் வரச் சொல்லுங்கள் என்று குந்தவை கேட்டதால் தங்கமணி கொல்லை வழியாக வந்து, சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். சபரிநாதன் நாற்காலியில் இருந்தார். குந்தவை இந்தத் தடவை தரையைப் பார்த்துப் பேசினாள். ஆராய்ச்சியை நடுவிலேயே நிறுத்தி, எந்த எண்ணுக்கு எது போனது என்று பிரித்துப் பார்த்துவிட்டார்கள். எலிக்குச் செய்ததை அந்த மருந்து மனிதருக்குச் செய்யவில்லை. நேர்மாறாக, நிஜ மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் தசை வேகமாகப் போயிருக்கிறது. மாவு மாத்திரைக்காரர்கள் அவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள்.

பிறகு தங்கமணியிடம் திரும்பினாள். ஆறுதலாக எதையோ சொல்லப்போகிற முகம்.

"பெரியம்மா, ஐயாவுக்கு வந்தது மாவு மாத்திரைதாங்க. அதனால அவர் போனதுக்கு மருந்து காரணமில்ல. அத நீங்க மனசுல வச்சுக்க வேணாம்."



அமிர்தம் காலித் தம்ளரை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். முதலில் அவளுக்குள் வந்தது நிம்மதி. என் வீட்டுக்காரர் தப்பித்தார். அது ஒரு நொடி. அதற்குப் பிறகுதான் ஓங்கரிக்கிற சத்தம் காதில் வந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அவள் களவாடியது மாவு. சுவருக்கு மேல் எடுத்துக் கொடுத்தது மற்றது.

குந்தவை இன்னும் முடிக்கவில்லை. சபரிநாதனைப் பார்த்து, அவருக்கு வந்தது நிஜ மருந்து என்றாள். அவள் குரலில் லேசாக உற்சாகம் வந்திருந்தது. நிஜ மருந்து சாப்பிட்ட அத்தனை பேரும் சரிந்திருக்க, இவர் ஒருவர் மட்டும் அப்படியே நிற்கிறார். இவர் உடம்பில் ஏதோ விசேஷம் இருக்கிறது, சிலருக்கு மட்டும் இந்த மருந்து நரம்பைக் காக்கிறதோ என்று பெரிய டாக்டர் சந்தேகப்படுகிறார். மற்ற எல்லோருக்கும் நிறுத்திவிட்டு இவருக்கு மட்டும் தொடரலாமா என்று மேலே அனுமதி கேட்டிருக்கிறார். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கிடைத்தால் இவருக்குச் சம்மதமா என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறார்.

சபரிநாதன் முகம் மலர்ந்தது. அண்ணன் போன பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

"போன ஜென்மத்துல எலியாப் பொறந்திருப்பேன் போல" என்றார். "சம்மதம்தாம்மா. இன்னிக்கே குடுத்தாலும் சாப்பிடுறேன்."

"வேணாங்க" என்றாள் அமிர்தம்.

அவர் திரும்பிப் பார்த்தார். நாலு பேருக்கு ஆகாதது நமக்கு மட்டும் எப்படி ஆகும் என்று அவள் ஏதோ சொன்னாள். ஆகியிருக்கிறதே, அந்தப் பெண் அதைத்தானே சொல்கிறாள் என்றார் அவர். வயிறு எரியுமே என்றாள். புரட்டாசிக்குப் பிறகு ஒரு நாளாவது எரிந்ததா என்று கேட்டார். அவள் சும்மா வேண்டாம், வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு ஊட்டி ஊட்டி அலுத்துப்போச்சா?" என்றார் சபரிநாதன். "நான் நல்லா இருக்கறதுல ஒனக்கு என்ன கஷ்டம்?"

குந்தவை சங்கடத்தோடு பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அமிர்தம் தங்கமணியைப் பார்த்தாள். தங்கமணி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தாலாவது பிடிமானமாக இருந்திருக்கும். எதுவும் இல்லாத பார்வை. அனுமதி வராமலே போகலாம், பேசாமல் இருந்துவிடலாம் என்று அமிர்தம் நினைத்தாள். வந்துவிட்டால்? தன் கையாலேயே அந்த மாத்திரையை அவர் வாயில் போட வேண்டியிருக்கும்.

"அந்த மருந்த நீங்க சாப்பிடல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். முறை வைத்ததையும், ஐப்பசியிலிருந்து முறையை மீறியதையும் கோவையில்லாமல் சொல்லி முடித்தாள். சொல்லும்போது தம்ளர் கையிலேயே இருந்தது.

குந்தவை நிமிர்ந்து, முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்ப அந்த மாத்திரைய யாரு சாப்பிட்டது?"

"எங்க வீட்டுல" என்றாள் தங்கமணி.

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இதை டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னாள். தொடர்கிற பேச்சு இனி இருக்காது. அண்ணன், தம்பி இருவருடைய விவரத்தையும் ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"எடுத்துட்டா?" என்று தங்கமணி கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேரும் இதுல சேரவே இல்லைன்னு ஆயிரும்."

"அப்ப அவரு செத்தது எதுலயும் சேராதா?"

குந்தவை மிச்ச மாத்திரைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போய் வருகிறேன் என்று யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

தங்கமணி எழுந்தாள். கொல்லைக் கதவு வரை போனவளின் பின்னாலேயே அமிர்தம் போனாள். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் அக்கா என்று மட்டும் கூப்பிட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் தங்கமணி. "மழையில கொண்டாந்து வச்சியே, அன்னிக்கே பார்த்தேன். பாட்டிலைத் துடைச்சா நம்பர் தெரியாதா? எனக்கும் எண்ணத் தெரியும்."

"கேட்டிருக்கலாமேக்கா."

"கேக்கத்தான் திரும்பி வந்தேன். பாதியில நின்னுட்டேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பெத்தது துபாய்ல இருக்கு. நான் ஒருத்தி. தூக்கணும், தொடைக்கணும், ராத்திரியெல்லாம் புரட்டிப் போடணும். நல்ல மாத்திரை அந்தப் பக்கமே போகட்டும், இந்த மனுஷன் இழுத்துக்கிட்டுக் கெடக்காமப் போகட்டும்னு நெனச்சேன். நீ எடுத்த. நான் விட்டேன். இனிமே சுவத்துப் பக்கம் வந்து கூப்பிடாத."

அவள் போய்விட்டாள். அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அமிர்தம் திரும்பி வந்தபோது சபரிநாதன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். சாப்பாட்டு நேரமாகியிருந்தது. சோற்றைக் குழையப் பிசைந்து, கிண்ணத்தில் ரசம் ஊற்றி எடுத்துவந்தாள். நாற்காலிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

"உங்களுக்காகத்தானே செஞ்சேன்" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாய் என்று கெஞ்சினாள். கவளத்தை உதட்டில் வைத்து அழுத்திப் பார்த்தாள். சோறு மோவாயில் வழிந்து வேட்டியில் விழுந்தது. தாடை இறுகியிருந்தது. விரலால் நெம்பினாலும் திறக்காத இறுக்கம். போன மாதம் இந்த வேளையில் அவருடைய அண்ணனுக்குத் தாடையை மூடிக்கொள்ளக்கூட முடியவில்லை. வாய் திறந்தே கிடந்தது. இவருக்கு இன்னும் அவ்வளவு பலம் இருந்தது.

அமிர்தம் கையைக் கீழே இறக்கவில்லை. ரசம் முழங்கை வரை வழிந்தது.